கல்லு ஈரமா, காஞ்சிருக்கா: டிப்ரஷன் உள்ள அம்மாகிட்ட வளர்றது பத்தி

யாங்கோன்ல எங்க வீட்டு அடுப்படி ஓரத்துல ஒரு தனக்கா கல்லு இருந்துச்சு. வட்டக் கல்லு, சுத்தி தண்ணி வடியறதுக்கு சின்னதா ஒரு பள்ளம், அதுல தண்ணி தெளிச்சு தனக்கா கட்டைய சந்தனம் மாதிரி அரைச்சு பிள்ளைங்க கன்னத்துல பூசித்தான் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க, பர்மாக்காரங்க வீடானாலும் சரி தமிழ் வீடானாலும் சரி. காலைல கண்ணு முழிச்சதும் நான் முதல்ல பாக்குறது அந்தக் கல்லைத்தான். ஈரமா இருந்தா அம்மா எழுந்துட்டாங்க, இன்னிக்கு தலை பின்னி விடுவாங்க, சோறு இருக்கும். காஞ்சு கெடந்தா அம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருக்காங்கன்னு அர்த்தம். அப்ப எனக்கு எட்டு ஒன்பது வயசு. காஞ்ச நாள்ல நானே அரைச்சு என் கன்னத்துலயும் கைக்குழந்தையா இருந்த தம்பி கன்னத்துலயும் தடவுவேன், டீச்சர் பாத்தாலும் பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தாலும் இது அம்மா பாத்துக்குற வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரியணும், அவ்வளவுதான் என் கணக்கு.

அம்மாவுக்கு இருந்தது டிப்ரஷன். இந்த வார்த்தைய நான் கேட்டது 1996ல, எனக்கு பத்தொன்பது வயசு ஆனப்புறம். அதுவரைக்கும் எங்க வீட்ல அதுக்கு பேரே கிடையாது. "மனசு சரியில்ல"ன்னு அப்பா சொல்வாரு. "சோம்பேறித்தனம்"ன்னு அத்தை சொல்வாங்க. "காத்து கருப்பு அண்டிடுச்சு"ன்னு சொல்லி பீலிக்கான் கோயிலுக்கு கூட்டிட்டுப் போய் வேப்பிலை அடிச்சு தாயத்து கட்டினாங்க. கோயில்ல அம்மா கொஞ்சம் தெளிவா இருந்தாங்க, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், நாலு பேர் கூட உக்காந்து நமக்காக வேண்டிக்கும்போது யாருக்கும் கொஞ்சம் லேசாகும். ஆனா வீட்டுக்கு வந்து மூணு நாள்ல கல்லு திரும்ப காஞ்சுடும்.

முதல்ல இந்த நோய் என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க துக்கத்தையும் இதையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறாங்க. துக்கம் வந்தா ஒரு காரணம் தெரியும், நடுவுல பேரப்பிள்ளை வந்தா சிரிப்பும் வரும். டிப்ரஷன்ல ரெண்டு வாரத்துக்கு மேல, ஏறக்குறைய தினமும், நாள் பூரா மனசு அடியில போய் உக்காந்திருக்கும், இல்லேன்னா எதுலயும் ஆசையே இருக்காது. அதோட தூக்கம் போகும் இல்ல ஓவரா தூக்கம் வரும், சாப்பாடு இறங்காது, உடம்பு பாறாங்கல்லு மாதிரி கனக்கும், யோசனை ஓடாது, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு ஒரு எண்ணம் விடாம வரும், சாவைப் பத்தி நினைப்பு வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி பெரியவங்கள்ல நூத்துல அஞ்சு பேர் அளவுக்கு இது இருக்கு, ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு அதிகம். ஆம்பளைங்களுக்கு வந்தா பல நேரம் அழுகையா தெரியாது, எரிஞ்சு விழறதா, குடியா, யார்கூடவும் பேசாம டீக்கடைல மணிக்கணக்கா உக்காந்திருக்கறதா தெரியும், அதனால அப்பாவுக்கு டிப்ரஷன்னு வீட்ல யாருக்கும் தோணவே தோணாது, "கோவக்காரரு"ன்னு பேர் வச்சுட்டு எல்லாரும் ஒதுங்கிப் போயிடுவாங்க.

பர்மீஸ்ல இதை "சேய்ச்சா யோகா"ன்னு சொல்றாங்க. இதுல சேய்ங்கறது பாலி பாஷைல இருந்து வந்த சித்தம், நம்ம சித்தம்தான். ச்சான்னா விழுறது. யோகாங்கறது ரோகம், அவங்க வாய்ல ர வந்தா ய ஆகும். சித்தம் விழுந்த ரோகம். இதை முதல்ல புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு, இவ்வளவு சரியான ஒரு பேரு, பாதி நம்ம சொல்லு, எங்க தெருவுலயே பேசற பாஷைல இருந்திருக்கு, எங்க வீட்டுக்குள்ள மட்டும் வரல. அதுக்கு காரணமும் இருக்கு. யாங்கோன்ல மனசு சம்பந்தமா ஆஸ்பத்திரின்னாலே ஜனங்களுக்கு தடகலேதான், பழைய மனநல ஆஸ்பத்திரி இருந்த இடம், அந்த ஊர்ப் பேரையே வசவா ஆக்கி வச்சிருந்தாங்க, யாராவது கொஞ்சம் ஏறுக்கு மாறா பேசினா "தடகலேக்கு அனுப்பணும்"பாங்க. மனநோய் சம்பந்தமா இங்க இருந்த சட்டமே வெள்ளக்காரன் காலத்து 1912ஆம் வருஷ பைத்தியக்காரர் சட்டம், அந்தப் பேரைப் பாத்தா எந்தக் குடும்பம் வெளிய வந்து சொல்லும்? பொண்ணு கட்டிக் கொடுக்கணும், பையனுக்கு பாக்கணும், கொஞ்சப் பேர் இருக்கற தமிழ்ச் சமூகம், ஒரு வீட்டு விஷயம் கோயில் வாசல்ல பத்து நிமிஷத்துல பரவிடும்.

அம்மாவுக்கு எதனால வந்துச்சுன்னு ஒத்தக் காரணம் காட்ட முடியாது, இந்த நோய்க்கு அப்படி ஒத்தக் காரணம் இருக்கறதும் அபூர்வம். அம்மா 1952ல பொறந்தவங்க. 1963ல பேங்க் எல்லாத்தையும், 1964ல கடைகளையும் நே வினோட ராணுவ அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, நம்ம ஜனம் கப்பல் கப்பலா மெட்ராஸுக்குப் போச்சு. அம்மாவோட ரெண்டு அக்காவும் அதுல போனாங்க, பன்னெண்டு வயசு அம்மா இங்கயே நின்னுட்டாங்க. பெரியம்மாங்களை அப்புறம் அம்மா நேர்ல பாக்கவே இல்ல, கடுதாசிதான். அது ஒண்ணு. 1985ல தம்பி பொறந்தது ஒண்ணு, பிரசவம் முடிஞ்ச கொஞ்ச நாள்லதான் அம்மா முதல்முதலா படுத்தாங்க. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு அறிவிச்சு மாத்திக்கவும் விடல, அப்பா வெத்தலைக் கடைல சேத்து வச்சிருந்தது ஒரே நாள்ல காகிதமாச்சு, அம்மா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எழுந்திரிக்கல. ஆனா இதே கதை எங்க தெருவுல இருபது வீட்டுக்கு நடந்துச்சு, எல்லா வீட்லயும் அம்மா படுத்துடல. பரம்பரை ஒரு பங்கு, ரெட்டைப் பிள்ளைங்களை வச்சு செஞ்ச ஆராய்ச்சிங்களைத் தொகுத்துப் பாத்தா ஏறக்குறைய நூத்துக்கு முப்பத்தேழு பங்கு பரம்பரைன்னு வருது, மீதி வாழ்க்கைல படுறது, உடம்பு, தனிமை. விதை இருக்கலாம், மழை எப்ப பெய்யும்னு யாருக்குத் தெரியும்.

இப்ப பிள்ளைங்க விஷயத்துக்கு வர்றேன், இதுக்காகத்தான் எழுத உக்காந்தேன்.

அமெரிக்காவுல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1975ல ஒரு சோதனைய வெளிய சொன்னாரு. அம்மாவும் சில மாசக் குழந்தையும் எதிரெதிரா உக்காந்து கொஞ்சி விளையாடுவாங்க. அப்புறம் அம்மாவ ரெண்டு மூணு நிமிஷத்துக்கு முகத்துல ஒண்ணும் காட்டாம சும்மா இருக்கச் சொல்வாங்க. குழந்தை முதல்ல சிரிக்கும், கை நீட்டும், சத்தம் போடும், அம்மாவ எப்படியாவது திரும்ப இழுக்கப் பாக்கும். ஒண்ணும் நடக்கலேன்னா முகத்தைத் திருப்பிக்கும், உடம்பு தளர்ந்து போயிடும். ரெண்டு நிமிஷத்துக்கே இது. டிப்ரஷன்ல இருக்கற அம்மா வேணும்னு முகத்தை அப்படி வச்சுக்கறதில்ல, அந்த நோய் முகத்துல இருக்கற அசைவையே எடுத்துடுது. நான் தம்பிய தூக்கிட்டுப் போய் அம்மா முகத்துக்கு நேரா காட்டி "அம்மா பாரு, சிரிக்கறான் பாரு"ன்னு சொல்வேன், அம்மா பாப்பாங்க, கண்ணு அவன் மேலதான் இருக்கும், ஆனா ஒண்ணும் வராது, கொஞ்ச நேரத்துல அவன் என் தோள்ல சாஞ்சுக்குவான்.

அதே ட்ரோனிக் சொன்ன இன்னொரு விஷயத்தை இந்த நோய் உள்ள எல்லா அம்மாவும் தெரிஞ்சுக்கணும். நல்லா இருக்கற அம்மாவும் குழந்தையும் கூட ஒருத்தர் மனசுக்கு ஒருத்தர் சரியா ஒத்துப் போறது நூத்துக்கு முப்பது நேரம்தானாம், மீதி நேரமெல்லாம் விட்டுப் போறதும் திரும்பச் சேர்றதும்தான். அந்தத் திரும்பச் சேர்றதுதான் பிள்ளைய வளக்குது. அதனால ஒரு மாசம் படுத்திருந்துட்டு எழுந்து வந்து பிள்ளைய மடியில வச்சுக்கற அம்மா "எல்லாம் போச்சு, என் பிள்ளைய நான் கெடுத்துட்டேன்"னு நினைக்க வேண்டியதில்ல.

கொஞ்சம் வளந்த பிள்ளைங்களுக்கு வேற ஆபத்து. பிள்ளை மனசு காரணம் தேடாம இருக்காது, பெரியவங்க காரணம் சொல்லலேன்னா அதுவே ஒண்ணு கண்டுபிடிச்சுக்கும், அப்படிக் கண்டுபிடிக்கிற காரணம் பெரும்பாலும் "நான்"தான். ஆறு ஏழு வயசுல உலகமே நம்மளைச் சுத்தித்தான் நடக்குதுன்னு நினைக்கிற வயசு, அம்மா அழுதா நான் ஏதோ பண்ணிட்டேன். எட்டு வயசுல நானும் அப்படி ஒரு கணக்கு வச்சிருந்தேன், ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொட்டிட்டேன், மறுநாள் அம்மா எழுந்திரிக்கல, அதுலேர்ந்து ரெண்டு வருஷம் எண்ணெய்ப் பாத்திரத்தை ரெண்டு கையாலதான் எடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ, யாரும் கேக்கல.

அப்புறம் பிள்ளை சின்ன அம்மாவா ஆயிடும். சோறு வடிக்கும், தம்பி தங்கச்சிய குளிப்பாட்டும், கடன்காரன் வந்தா "அம்மா தூங்கறாங்க"ன்னு சொல்லும், அப்பா வந்ததும் அவர் முகத்தைப் பாத்து வீட்ல சத்தம் வராம பாத்துக்கும். ஊர் என்ன சொல்லும்? "என்ன பொறுப்பான பொண்ணு!" எனக்கு அந்தப் பாராட்டு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதனாலதான் அது இன்னும் மோசம்னு இப்பச் சொல்றேன். வேலை செய்யறது பிள்ளைங்களுக்குக் கெடுதல் இல்ல, நம்ம வீடுகள்ல எல்லாப் பிள்ளையும் வேலை செஞ்சுதான் வளருது. அம்மாவோட உயிரும் மனசும் என் கைல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வளர்றதுதான் பாரம். ராத்திரி எழுந்து அம்மா மூச்சு விடுறாங்களான்னு மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாத்துட்டு வந்து படுப்பேன். ஸ்கூல்ல கரும்பலகைல எழுதினது பாதி மண்டைல ஏறாது, நினைப்பு வீட்லதான்.

இதுல வளந்தவங்க பெரியவங்களானப்புறம் எங்க எல்லார்கிட்டயும் சில விஷயம் ஒரே மாதிரி இருக்கறதைப் பாத்திருக்கேன். ஒருத்தர் ரூமுக்குள்ள நுழையும்போதே அவங்க மூடு என்னன்னு கண்டுபிடிச்சுடுவோம். யாராவது கொஞ்சம் அமைதியா இருந்தா "எம்மேல கோவமா"ன்னு கேப்போம். சந்தோஷமா இருக்கும்போதே உள்ள ஒரு குத்தம் மாதிரி உறுத்தும். உதவி கேக்கத் தெரியாது, கொடுக்க மட்டும் தெரியும். கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போனா அம்மாவ விட்டுட்டு ஓடி வந்துட்ட மாதிரியே இருக்கும்.

பயம் காட்டுறதுக்காக சொல்லல, ஆனா நம்பரும் சொல்லியாகணும். மிர்னா வைஸ்மன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1982ல அமெரிக்காவுல நியூ ஹேவன்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி, டிப்ரஷன் உள்ள பெத்தவங்களோட பிள்ளைங்களை முப்பது வருஷத்துக்கும் மேல தொடர்ந்து பாத்தாங்க, மத்தப் பிள்ளைங்களை விட இவங்களுக்கு டிப்ரஷன் வர்றது ஏறக்குறைய மூணு மடங்கு. பெரும்பாலும் பதின்ம வயசுல தலை காட்டுது. மூணு மடங்குங்கறதை தலையெழுத்துன்னு எடுத்துக்கக் கூடாது, வராதவங்களும் நிறைய. பிள்ளைக்கு பதினாலு பதினஞ்சு வயசுல தூக்கம் கெட்டு ஸ்கூல் வேண்டாம்னு படுத்தா "வயசுக் கோளாறு"ன்னு விட்டுடாம சீக்கிரமே டாக்டர்கிட்ட காட்டணும்ங்கறதுக்குத்தான் அந்த நம்பர்.

அதே வைஸ்மனும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் 2006ல வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சிதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது. 151 அம்மாவும் பிள்ளையும். அம்மாக்களுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தாங்க, பிள்ளைங்களுக்கு இவங்க ஒண்ணும் பண்ணல. மூணு மாசத்துல நோய் முழுசா குணமான அம்மாக்களோட பிள்ளைங்கள்ல மனநலப் பிரச்சினை நூத்துக்கு 11 பங்கு குறைஞ்சுது, குணமாகாத அம்மாக்களோட பிள்ளைங்களுக்கு 8 பங்கு கூடிடுச்சு. அதாவது அம்மாவுக்குக் கொடுக்கற மாத்திரை பிள்ளைக்கும் வேலை செய்யுது. நம்ம வீடுகள்ல பிள்ளைக்கு ஜுரம்னா தங்கத்தை வித்தாவது டாக்டர்கிட்ட ஓடுறோம், அம்மாவுக்கு மனசு விழுந்தா "செலவு எதுக்கு, தானா சரியாகும்"ங்கறோம், அம்மாவே அப்படித்தான் சொல்வாங்க.

எங்க அம்மாவுக்கு பல வருஷம் கிடைச்சது தூக்க மாத்திரைதான், ஒரு டாக்டர் "நரம்பு பலவீனம்"னு எழுதிக் கொடுத்துட்டே இருந்தாரு. 1996ல வேற ஒரு டாக்டர் உக்கார வச்சு அரை மணி நேரம் பேசிட்டு டிப்ரஷனுக்கு அமிட்ரிப்டிலின்னு ஒரு மாத்திரை கொடுத்தாரு. வாய் வறண்டுச்சு, பகல்லயே தூக்கம் வந்துச்சு, ரெண்டு வாரம் ஒரு மாத்தமும் தெரியல, அப்பா "நிறுத்திடு"ன்னாரு. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரு, பக்க விளைவு முதல் நாளே வரும், பலன் வர வாரக்கணக்காகும், பொறுக்கணும், நல்லா ஆனப்புறமும் மாசக்கணக்கா சாப்பிடணும், திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு. நாலாவது வாரம் ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படில நின்னு "என்னடி வெங்காயத்தை இவ்வளவு தடியா நறுக்கி வச்சிருக்க"ன்னு என்னைத் திட்டினாங்க. பதினோரு வருஷத்துல அம்மா என் சமையலைக் கவனிச்சது அன்னிக்குத்தான், அந்தத் திட்டுக்காக நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். அந்த மருந்து 1977லயே உலக சுகாதார நிறுவனத்தோட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்ததுன்னு அப்புறம்தான் படிச்சேன். 1977 நான் பொறந்த வருஷம்.

மருந்தோட பேச்சும் வேணும், பேச்சுன்னா வீட்டுக்குள்ள பேசறதையும் சேத்துத்தான். பாஸ்டன்ல வில்லியம் பியர்ட்ஸ்லீன்னு ஒரு டாக்டர், டிப்ரஷன் உள்ள பெத்தவங்ககிட்ட வளந்தும் நல்லா வந்த பிள்ளைங்களைத் தேடிப் போய் பேசினாரு. அவங்க எல்லார்கிட்டயும் இருந்தது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருக்கறது நோய், அதுக்கு நான் காரணம் இல்லைன்னு ஒரு தெளிவு, அதோட வீட்டுக்கு வெளிய ஏதோ ஒரு பிடிப்பு, ஒரு விளையாட்டு, ஒரு டீச்சர், ஒரு அத்தை. அதை வச்சு குடும்பத்தையே உக்கார வச்சுப் பேசற ஒரு முறைய உண்டாக்கினாரு. ஃபின்லாந்துக்காரங்க அதை எடுத்து நாடு பூரா டாக்டருங்களுக்கும் நர்ஸுங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க, பெரியவங்களுக்கு மனநோய் வைத்தியம் பாக்கும்போது அவங்க பிள்ளைங்களையும் கவனிக்கணும்னு அங்க சட்டமே இருக்கு.

எங்களுக்கு அந்த வெளிப் பிடிப்பு பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாதான், ஜீஜீன்னு கூப்பிடுவோம், பெரியம்மான்னு அர்த்தம். ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. காலைல மொஹிங்கா, அதான் மீன் சூப் ஊத்தின நூடுல்ஸ், வாங்கும்போது எங்களுக்கும் ரெண்டு கிண்ணம் சேத்து வாங்கி வாசப்படில வச்சுட்டுப் போவாங்க. பரீட்சை சமயத்துல தம்பிய அவங்க வீட்ல தூங்க வச்சுக்குவாங்க. அவங்க இல்லேன்னா நான் பத்தாவது முடிச்சிருக்க மாட்டேன்.

பிள்ளைக்கு என்ன சொல்றதுன்னு நிறைய பேர் திணர்றாங்க. பெரிய விளக்கம் வேண்டாம். "அம்மாவுக்கு மனசுல ஒரு நோய் வந்திருக்கு, அதனாலதான் படுத்திருக்காங்க, நீ பண்ணின எதாலயும் இது வரல, நீ சரி பண்ணவும் வேண்டாம், டாக்டர் பாக்கறாரு, உனக்கு பயமா இருந்தா ராத்திரின்னாலும் அத்தைய எழுப்பு." அஞ்சு வயசுக்கு இது போதும், பத்து வயசுப் பிள்ளை கேள்வி கேக்கும், கேக்கறதுக்கெல்லாம் பொய் சொல்லாம பதில் சொல்லணும். ஒரு தடவை சொல்லிட்டு விடவும் கூடாது, திரும்ப படுக்கும்போது திரும்ப சொல்லணும், ஏன்னா ஒரு தடவை வந்தவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது மறுபடி வருது. அம்மாவோ அப்பாவோ சாகறதைப் பத்திப் பேசினா, எழுதி வச்சிருந்தா, மாத்திரை சேத்து வச்சிருந்தா, அதைப் பாத்துக்கற காவல் வேலைய ஒருக்காலும் பிள்ளைகிட்ட விடாதீங்க, அன்னிக்கே பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும், மாத்திரை பூட்டி வைக்கணும், டாக்டர்கிட்ட போகணும்.

இப்ப இங்க நிலைமை எப்படின்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியப் பிடிச்சதுலேர்ந்து ஒண்ணு, 2024 பிப்ரவரில கட்டாய ராணுவச் சேவைன்னு அறிவிச்சதுலேர்ந்து ஒண்ணு, பிள்ளைங்க தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போயிட்டாங்க, பெத்தவங்க ஃபிளாட்ல தனியா. முன்னாடி கல்லைப் பாத்த பிள்ளை இப்ப போன்ல அம்மா எத்தனை மணிக்கு ஆன்லைன் வந்தாங்கன்னு பாக்குது. என் தம்பி அப்படித்தான், மலேசியாவுல ஒரு ஃபேக்டரில வேலை, அம்மா "ஹலோ" சொல்ற விதத்துலயே இந்த வாரம் எப்படின்னு சொல்லிடுவான்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் நடுவுல கூப்பிட்டான். எதையோ பேசிட்டு இருந்தவன் திடீர்னு, "அக்கா, நான் பொறந்ததாலதானே அம்மாவுக்கு இது வந்துச்சு"ன்னான். அத்தை அவனுக்கு அஞ்சு வயசு இருக்கும்போது சொல்லியிருக்காங்க, இவன் வயித்துல வந்த நேரம்தான் இந்த வீட்டுக்கு ஆகலைன்னு. முப்பத்தி நாலு வருஷம் அவன் அதைச் சுமந்திருக்கான். நான் அவனுக்கு தனக்கா அரைச்சுப் பூசினேன், சோறு ஊட்டினேன், பேரு தெரிஞ்சப்புறமும் இத்தனை வருஷத்துல அவனை உக்கார வச்சு ஒரு தடவை கூட சொல்லல, அவனுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேன். அன்னிக்குச் சொன்னேன், குழந்தை பெத்தவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு மேலயே இது வருதுடா, உடம்புக்குள்ள ஹார்மோன் மாறும், தூக்கம் இருக்காது, பாத்துக்க ஆள் இருக்காது, அம்மாவுக்கு அவங்க அக்காங்க யாரும் கூட இல்ல, குழந்தை எதுவும் பண்றதில்லடா, குழந்தை சும்மா பொறக்குது, அவ்வளவுதான்.

அவன் ஒண்ணும் பேசல. பின்னாடி மெஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "பிரசவத்துக்கு அப்புறம் வர்றதுக்குன்னு தனியா பேரு இருக்கா அக்கா"ன்னு கேட்டான். இருக்குடான்னேன். "எழுதி அனுப்பு"ன்னான்.